பனியனில் இருந்த இருவர்

அந்த ரெண்டு பேரையும் முதலில் எடுத்துரு தாயி. குண்டனையும் ஒல்லியையும். இல்லை இல்லை, அவங்க செத்தவங்க இல்லை. மூணு பேருக்கும் சேர்த்து அஞ்சலியான்னு கேட்கிறியே! செத்தது மேலே இருக்கிற தலை மட்டும்தான். என் தம்பி, பரமகுரு. நெஞ்சில் இருக்கிற ரெண்டும் பனியனில் அச்சடிச்ச படம். வெள்ளைக்காரன் ஊர்ப் பழைய காமெடிக்காரங்க. தொப்பி, கோட்டு, ஒட்டு மீசை. ஒல்லி தோளில் ஏணியைத் தூக்கிக்கிட்டுத் திரும்புறான், ஏணியோட பின்முனை குண்டன் மண்டையில் அடிக்குது, தொப்பி பறக்குது. பார்த்தா சின்னப் பிள்ளைங்க சிரிக்கும். சாவு வீட்டு வாசலில் சிரிக்கிற படம் நிக்கலாமா? அதுக்குத்தான் உன் பேனர் கடைக்கு வந்திருக்கேன்.

வெள்ளைச் சட்டை போட்டுரு. உங்ககிட்ட ரெடியா இருக்கும்ல, கழுத்து வரைக்கும்? தலையை மட்டும் வச்சு ஒட்டுவீங்களே. மிலிட்டரி ராமையாவுக்கு நீதானே போட்டே? சாகும்போது மனுசன் உடம்பில் துண்டுகூட இல்லை, பேனரில் கோட்டு சூட்டு டையோட நின்னார். பஸ்ஸில் போனவங்க எல்லாம் ஏதோ பெரிய டாக்டர் செத்துட்டார்னு இறங்கி வந்து பார்த்தாங்க. அந்த மாதிரி வேணும். கோட்டு வேணாம், நம்மளுக்குச் சட்டை போதும். பையில் ஒரு பேனா இருந்தா நல்லது.

நான் தவசிலிங்கம். கூட்டுறவு சொசைட்டியில் நகைக்கடன் செக்‌ஷனில் இருந்தேன். ரிட்டயர் ஆனாலும் தெருவில் சொசைட்டிக்காரர் வீடுன்னாத்தான் தெரியும். சொல்றதுக்குக் காரணம் இருக்கு. மத்தியானத்துக்கு மேல் என் சம்பந்தி வாராக, ராஜபாளையத்தில் இருந்து. நூல் மில் வச்சிருக்காக. அவுக அப்பா செத்தப்போ தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பேனர், நடக்க இடமில்லை. அப்படிப்பட்டவுக நம்ம தெருவில் திரும்பும்போது முனையில் ஒரு பேனர் நிக்கணும். மரியாதையா நிக்கணும். எனக்கு வேறொண்ணும் வேண்டாம். என் மக போனில் சொன்னா, "மாமா வரப் பார்க்கோம்னு சொன்னாகப்பா"ன்னு. ராஜபாளையத்துக்காரக வரப் பார்க்கோம்னு சொன்னா வந்துருவாக தாயி. அது அவுக பேசுற விதம்.

வேற போட்டோவா? இருந்தா கொண்டுவர மாட்டேனா? ஆதார் கார்டைப் பார்த்தேன். அதில் அவனைப் பார்த்தா அடுப்புக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருக்கு. என் கல்யாண ஆல்பத்தில் என் தோளுக்குப் பின்னாடி ஒரு காது இருக்கு. அவன் காதுதான், எனக்குத் தெரியும். காதை வச்சு நீ என்ன செய்வே? மக கல்யாண ஆல்பத்தில் அவன் இல்லை. அன்னைக்கு அவனுக்கு வேலை இருந்துச்சு. இந்தப் போட்டோகூட சமையல் மாஸ்டர் சண்முகக்கனி போனில் இருந்து எடுத்தது. ஏதோ மண்டபத்தில் வச்சு எடுத்திருக்காங்க. கையில் வாளி தெரியுது பாரு, அதையும் வெட்டிரு. சும்மா, யாரோ கொடுத்ததைப் பிடிச்சிருக்கான்.

அந்தப் பனியன் அவனுதே இல்லை. அதைச் சொன்னா நீ நம்ப மாட்டே. பெங்களூரில் இருக்கிற என் மகன் போட்டுக் கழிச்சது. மகன் தினகருக்கு அந்த மாதிரி கிறுக்குப் படம் போட்டதுதான் பிடிக்கும். வயிறு போட்டதும் பத்தலை, இங்கே கொண்டுவந்து போட்டுட்டுப் போயிட்டான். என் சம்சாரம் பழைய துணியெல்லாம் மூட்டை கட்டி வச்சிருந்தா, பாத்திரக்காரி வந்ததும் போட்டு எவர்சில்வர் குத்துப்போணி வாங்கணும்னு. வாசலில் உட்கார்ந்து பேரம் நடக்குது. பாத்திரக்காரி ஒவ்வொண்ணா உதறி, கிழிசல் பார்த்து, "குத்துப்போணிக்குச் சரியா இருக்கும்க்கா"ன்னு சொல்லிட்டா. அப்போ இவன் எங்கிருந்தோ வந்தான். மூட்டையில் இருந்து இந்தப் பனியனை உருவினான். அப்படியே சட்டைக்கு மேல் போட்டுக்கிட்டான்.

"மதினி, இது எனக்கு இருக்கட்டும்."

"அது பிள்ளை போட்டுக் கழிச்சது. வைங்க அங்கே."

"கழிச்சாத்தானே மதினி எனக்கு வரும்."

பாத்திரக்காரி குத்துப்போணியை எடுத்துக் கூடையில் வச்சுட்டா. ஒண்ணு குறையுதாம். அதுக்குப் பதிலா மூடி இல்லாத ஒரு தூக்குவாளியைக் கொடுத்துட்டுப் போனா. என் சம்சாரம் அதை இன்னும் மறக்கலை. இன்னைக்குக் காலையில் பாடியைக் கொண்டுவந்து இறக்குறாங்க, அவ அழுதுக்கிட்டே சொல்றா, "ஒரு குத்துப்போணிக்கு வழியில்லாமப் பண்ணினீகளே கொழுந்தனாரே"ன்னு. வாய் தவறி வந்திருக்கும். துக்கத்தில் எது வரும்னு சொல்ல முடியாது.

சட்டை வந்துருச்சா? கொஞ்சம் பெரிசாத் தெரியுதே. அவனுக்குத் தோள் இல்லை தாயி. அவன் ஒல்லி. சின்ன வயசில் இருந்தே நான் பூசினாப்ல, அவன் குச்சி. எங்க தெருவில் முந்தி கவர்மெண்டு வண்டி வந்து வேட்டியைக் கட்டிப் படம் காட்டுவாங்க. குடும்பக் கட்டுப்பாட்டுப் படத்துக்கு முன்னாடி இந்த மாதிரி ஏணி, வாளி, விழுறது, எந்திரிக்கிறதுன்னு ஒரு துண்டுப் படம் ஓடும். இவன் சிரிச்சுச் சிரிச்சு டவுசரிலேயே ஒண்ணுக்குப் போயிட்டான். நான்தான் தூக்கிக்கிட்டு வந்தேன். என் முதுகெல்லாம் நனைஞ்சு போச்சு. அதை நான் யார்கிட்டயும் சொல்லலை. நானும் அவனுக்கு எவ்வளவோ செஞ்சிருக்கேன், சொல்லிக் காட்டுற பழக்கம் இல்லை.

பனியன் போட்ட அன்னைக்கு என் முன்னாடி வந்து நின்னான். நெஞ்சை நிமித்திக்கிட்டு, குண்டனைத் தொட்டு, "அண்ணே, இது நீ." ஒல்லியைத் தொட்டு, "இது நான்."

எனக்கு எப்படி இருக்கும்? நான் சொசைட்டியில் நாலு பேர் வணக்கம் வைக்கிற ஆளு. என்னை நெஞ்சில் போட்டுக்கிட்டு ஊர் சுத்துறேன்கிறான், அதுவும் மண்டையில் அடி வாங்குற மாதிரி. துவைச்சுத் துவைச்சு குண்டன் மூஞ்சிதான் முதலில் உரிய ஆரம்பிச்சுது. அதையும் வந்து சொல்றான்: "அண்ணே, உனக்கு மூக்கு போயிருச்சே!" என் சம்சாரத்துக்கே சிரிப்பு வந்துருச்சு. நான் சிரிக்கலை.

ஒருநாள் ஆபீஸ் வாசலில் நிக்கிறேன். சொசைட்டித் தலைவர் பக்கத்தில் நிக்கிறார். இவன் ஆசாரி கடைக்குப் பலகை தூக்கிக்கிட்டுப் போறான், அந்தப் பனியனோட. போறவன் போக வேண்டியதுதானே. "அண்ணே!"ன்னு கூப்பிட்டுக்கிட்டே திரும்புறான். பலகையோட வாலு சுத்தி வந்து தலைவர் குடையைத் தட்டி விட்டுருச்சு. குடை போய் சாக்கடையில். கியூவில் நின்ன சனம் பூரா சிரிக்குது. தலைவரும் சிரிச்சார். நல்ல மனுசன். "யாருய்யா இந்தக் கோமாளி, தவசி?"ன்னு கேட்டார். "தெரியலையே சார்"னு சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும்? இவன் காதிலும் விழுந்திருக்கும். சாக்கடைக்குள் இறங்கிக் குடையை எடுத்து, தன் பனியனிலேயே துடைச்சுக் கொடுத்துட்டு, பலகையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான்.

ராத்திரி வீட்டில் சொன்னேன்: "இனி ஆபீஸ் பக்கம் வராதே."

"சரிண்ணே. அந்தப் பக்கமாச் சுத்திப் போறேன்."

கோபமே வராது அவனுக்கு. கோபப்பட்டா நாமளும் ஏதாவது பேசி முடிச்சிருக்கலாம்.

என்ன தாயி, முழிக்கிறே? ஆமா, வாய். வாயைத்தான் நானும் பார்த்துக்கிட்டிருக்கேன். வெள்ளைச் சட்டை போட்டும் இப்படிப் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறான். மத்த பேனரில் எல்லாம் சிரிச்ச முகம்தான் போடுறோம்னு சொல்றே. அது புன்சிரிப்பு. இது அது இல்லை. இது தொண்டைக்குள் தெரியுது. முன்பல்லுக்கு நடுவில் சந்து வேற. அந்தச் சந்தை வச்சே யாரும் அடையாளம் சொல்லிருவாக.

யார் அடையாளம் சொன்னா என்னவா? உன்கிட்ட சொல்றதில் ஒண்ணும் இல்லை. நீ யாரோ, நான் யாரோ.

மக நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடி சம்பந்தி கேட்டாக, கூடப் பிறந்தவுக உண்டான்னு. ஒரு தம்பி, சூரத்தில் துணி மில்லில் சூப்பர்வைசர்னு சொல்லிட்டேன். சொல்லும்போது அவன் கிணத்தடியில் உட்கார்ந்து அந்தப் பனியனைத் துவைச்சுக்கிட்டு இருக்கான். பொய்யின்னு சொல்லாதே. எங்க சித்தப்பா மகன் ஒருத்தன் சூரத்தில் இருந்தான். அவனும் எனக்குத் தம்பி முறைதான்.

நிச்சயத்தன்னைக்கு இவனை சினிமாவுக்கு அனுப்பி வச்சேன். ரெண்டு ஆட்டமும் பார்த்துட்டு வாடான்னேன். படம் பிடிக்கலையோ என்னமோ, பின்வாசல் வழியா வந்துட்டான். பரிமாற ஆள் பத்தலைன்னு சண்முகக்கனி கத்திக்கிட்டிருந்தார். இவன் கையைக் கழுவிட்டு சாம்பார் வாளியைத் தூக்கிட்டான். பந்திக்குள் வாரான் தாயி, அதே பனியனோட. சம்பந்தி இலைக்கு முன்னாடி வந்து நிக்கிறான். அவுக படத்தைப் பார்க்காக, இவனைப் பார்க்காக, என்னைப் பார்க்காக. "இது யாரு?"ன்னு கேட்டாக.

என் சம்சாரம் கெட்டிக்காரி. சட்டுனு சொன்னா: "சமையல்காரக கூட வந்த ஆளு."

இவன் என்னைப் பார்த்தான். எனக்கு அப்போதான் இலையில் வடை வச்சிருந்தாங்க, அதைப் பிட்டுக்கிட்டிருந்தேன். நான் நிமிரலை.

"ஆமா சாமி. சமையல்காரக ஆளுதான். சாம்பாரா, ரசமா?"ன்னு கேட்டான். கேட்டுட்டுத் திரும்பினான் பாரு, வாழைத்தோலில் வழுக்கின மாதிரி ஒரு காலை முன்னாடி சறுக்கவிட்டான். வாளி மேலே போகுது, சனம் "ஐயோ"ங்குது, அடுத்த நிமிசம் நேரா நிக்கிறான். ஒரு சொட்டு சிந்தலை. சம்பந்தி வீட்டுக்காரக பூரா விழுந்து விழுந்து சிரிச்சாக. மாப்பிள்ளைப் பையன் எந்திரிச்சுக் கை தட்டினான். சம்பந்தி இவன் தோளைத் தட்டி, "நல்ல ஆளுய்யா. கல்யாணத்துக்கும் இவனையே கூட்டியாங்க"ன்னுட்டாக.

அவுக கேட்டு இல்லைன்னு சொல்ல முடியுமா? கல்யாணத்துக்கும் வந்தான். மேடையில் நாங்க குடும்பப் போட்டோவுக்கு நிக்கிறோம், கீழே இவன் பந்திக்கும் அடுப்புக்கும் ஓடுறான். மக அங்கிருந்தே கூப்பிட்டா, "சித்...". என் சம்சாரம் அவ கையைக் கிள்ளிட்டா. அதுதான் சொன்னேனே, அன்னைக்கு அவனுக்கு வேலை இருந்துச்சு.

இதில் ஒரு நல்லதும் நடந்துச்சு. அதை யாரும் சொல்ல மாட்டாங்க. சண்முகக்கனி இவனை விடலை. "உங்க வீட்டம்மாவே எங்க ஆளுன்னு சொல்லிட்டாக அண்ணாச்சி, இனி எங்க ஆளுதான்"னு சிரிச்சுக்கிட்டே கூட்டிக்கிட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் எல்லா விசேஷத்துக்கும் போவான். சமையல் கொட்டகையிலேயே படுத்துக்குவான். ஒரு தொழில் அமைஞ்சு போச்சு. யாரால் அமைஞ்சுது? எங்களாலதானே.

நேத்து ஏதோ வளைகாப்பு வீடு. கடைசிப் பந்தி முடிஞ்சு, வாளியைக் கவுத்திப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து சுவரில் சாஞ்சிருக்கான். தூங்குறான்னு நினைச்சு ஒருத்தன் மூஞ்சியில் தண்ணி தெளிச்சிருக்கான், விளையாட்டுக்கு. எந்திரிச்சு ஏதாவது சேட்டை பண்ணுவான்னு எல்லாரும் சுத்தி நின்னாங்களாம். அவ்வளவுதான்.

சண்முகக்கனி வேனில் போட்டு என் வாசலுக்குக் கொண்டுவந்தார். "உங்களுக்குச் சிரமம்னா எங்க கொட்டகையிலேயே வச்சு எடுத்துருவோம் அண்ணாச்சி"ன்னும் சொன்னார். என் சம்சாரம் என்னைப் பார்த்தா. ஆனா அதுக்குள் மகளுக்கு யாரோ போனைப் போட்டுட்டாங்க. அவ ராஜபாளையத்தில் "என் சித்தப்பா போயிட்டாரே"ன்னு தலையில் அடிச்சுக்கிட்டு அழுதிருக்கா. மாசமா இருக்கிற பிள்ளை. அவுக பதறிப்போய், சூரத் சித்தப்பாவான்னு கேட்டிருக்காக. ஆமான்னு சொல்லியிருக்கா. என்ன செய்வா அவளும். அப்புறம் கொட்டகையில் வச்சு எடுக்க முடியுமா? வீட்டில்தான் வைக்கணும்.

பாடியைப் பார்த்தாத் தெரியாதான்னு கேட்கிறே. தெரியாது. தாடையைக் கட்டி, மூக்கில் பஞ்சு வச்சு, நெத்தியில் காசு ஒட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் வச்சாச்சு. அப்படிக் கிடக்கிற முகம் எல்லாம் ஒரே முகம்தான். வாரவங்க மாலையைப் போட்டுட்டு, பேனரில்தான் ஆளைத் தேடுவாங்க. பனியனைக் கழட்டத்தான் பாடுபட்டுப் போச்சு. கை விறைச்சுக்கிச்சு. கத்தரியால் நடுவாக்கில் வெட்டினாங்க, குண்டன் ஒரு பக்கம், ஒல்லி ஒரு பக்கம். அதைத் தூக்கிப் போடுங்கடான்னா சண்முகக்கனி ஆளு ஒருத்தன் மடியில் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். தரை துடைக்கிற துணி மாதிரி இருக்கு, அதை மடிக்கிறான், பிரிக்கிறான், மடிக்கிறான்.

ஆக, வாயை மூடணும். முடியுமா?

என் வாயா? சரிதான், அண்ணன் தம்பி வாய் ஒண்ணுபோலத்தானே இருக்கும். எடு, எடு. இப்படி நிக்கட்டா? "சிரிக்காதீங்க சார்"ங்கிறே. நான் எப்பம்மா சிரிச்சேன்? இது என் முகமே இப்படித்தான்.

ம். வாய் மூடிருச்சு. நல்லாத்தான் இருக்கு... ஆனா கண்ணு சிரிக்குதே தாயி. வாய் மூடியிருக்கு, கண்ணு மட்டும் சிரிக்குது. ஏதோ திருடிட்டு நிக்கிறவன் மாதிரி இருக்கு. கண்ணையும் மூடிட்டா? செத்தவர் மாதிரி தெரியும்ங்கிறே. செத்தவன்தானே! சரி, சரி, பேனரில் கண்ணு திறந்துதான் இருக்கணும். அப்போ என் கண்ணையே எடுத்துக்கோ. அதிலும் என்ன குறைஞ்சு போச்சு.

இப்போ கன்னம் ஒட்டிப்போய்த் தெரியுது. என் கண்ணுக்கும் வாய்க்கும் அந்தக் கன்னம் சேரலை. கொஞ்சம் ஊத முடியுமா? ஆ, அப்படித்தான். முடியையும் கொஞ்சம் படிய வாரிவிடு.

அம்சமா இருக்கு. சட்டையும் எடுத்துத் தைச்ச மாதிரி உட்கார்ந்திருச்சு. பேரு அடிக்க வேண்டாம், இரு, முதலில் என் சம்சாரத்துக்கு அனுப்பு. அவ ஒரு வார்த்தை சொல்லணும், இல்லைன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. வாட்ஸப்பில்தான். இந்தா நம்பர்.

பார்த்தியா, அதுக்குள் கூப்பிட்டுட்டா. சொல்லு. ம். ம். ஆமா, உன் கொழுந்தன்தான். சரி.

என்ன சொன்னான்னு கேளு. "நல்லாருக்கு. அவுகளை மாதிரியே இல்லை. இதையே போட்டுருங்க"ங்கிறா. சம்பந்தி வீட்டாரும் இருக்கிற குடும்பக் குரூப்பிலும் போட்டுட்டாளாம். அவளுக்குக் கை நிக்காது.

இப்போ எழுத்து. மேலே கண்ணீர் அஞ்சலி இருக்கு. கீழே பரமகுரு. பேருக்குப் பின்னாடி என்ன போடலாம்? சூப்பர்வைசர், சூரத்... வேண்டாம்ங்கிறியா? எழுத்தில் வந்தா நம்புவாக தாயி. "வருந்தும் குடும்பத்தார்"னு போட்டு என் பேரு முதலில். சண்முகக்கனி கேட்டார், அவர் ஆளுங்க பேரையும் ஒரு ஓரத்தில் போடச் சொல்லி. அதெல்லாம் வேண்டாம். சமையல்காரங்க பேரைப் பார்த்தா சம்பந்தி யோசிப்பாக.

இரு, போன். அவுகதான்! சம்பந்தி. சத்தத்தைக் குறை அந்த மெஷினை...

சொல்லுங்க சம்பந்தி.

...

இல்லை, தினகர் இல்லை. அவன் பெங்களூரில் இருந்து வந்துக்கிட்டிருக்கான். நான்தான் பேசுறேன். நான்தான். தவசிலிங்கம்.

...

இல்லை சம்பந்தி. நல்லாத்தான் இருக்கேன். அது... அது தம்பி. எங்களுக்கு ஒரே ஜாடை. ஆமா. சூரத்காரன். ஆமா, அவன் மட்டும்தான்.

...

ம். ஆமாமா. அது சரிதான். மாசமா இருக்கிறவளை சாவு வீட்டுக்கு அனுப்பக் கூடாதுதான். பரவாயில்லை. சிரமப்பட்டுக்கிட்டு எதுக்கு. பதினாறாம் நாளா? வேலை இருந்தா அதுக்கும் வேண்டாம். வச்சிருதேன்.

தண்ணி இருக்கா தாயி? ஒரு மடக்கு கொடு.

அவுக என்ன நினைச்சிருக்காகன்னா, செத்தது நான்தான்னு. படத்தைக் குரூப்பில் பார்த்துட்டு அப்படியே உட்கார்ந்துட்டாகளாம். மக பயந்துரக் கூடாதுன்னு சித்தப்பான்னு சொல்லி அழைக்கிறோம், நிசத்தில் போனது அப்பான்னு நினைச்சுட்டாக. ஊரில் அப்படித்தானே செய்வாங்க, அப்பன் செத்தா அப்பனுக்கு முடியலைன்னுதானே மகளைக் கூப்பிடுவாங்க. அதனால் மககிட்ட மூச்சு விடாம, அதுக்குள் ரெண்டு வேனுக்குச் சொல்லிட்டாக. மில்லை அடைக்கச் சொல்லிட்டாக. ஆள் உயரத்துக்கு மாலை சொல்லியாச்சாம். துக்கம் விசாரிக்கத்தான் தினகரைக் கூப்பிட்டிருக்காக, என் நம்பரில்.

"நான்தான்"னு சொன்னதும் இன்னொருக்காப் பேரைக் கேட்டாக. அப்புறம் சிரிச்சுட்டாக. சந்தோஷத்தில் சிரிக்கிறதுதான், தப்பாச் சொல்லலை. "நல்ல வேளை சம்பந்தி, தம்பிதானா? உசிரே போயிருச்சு எங்களுக்கு"ன்னாக. பின்னாடி யார்கிட்டயோ, "வேனை வேண்டாம்னு சொல்லிருங்கடா, அவர் தம்பிதானாம்"னு சொன்னது கேட்டுச்சு.

ரெண்டு வேன் தாயி. எனக்குன்னா ரெண்டு வேன் வந்திருக்கும். மில்லை அடைச்சிருப்பாக.

வரப் பார்க்கோம்னு சொன்னாகளேன்னு கேட்கிறே. பார்த்தாக. அவ்வளவுதான்.

இனி யாரு இருக்கா? தெருக்காரங்க. அவங்களுக்கு அவனைத் தெரியும். சண்முகக்கனி ஆளுங்க. அவங்களுக்கு எங்களைவிட நல்லாத் தெரியும். இந்த முகத்தைக் கொண்டுபோய் முனையில் கட்டினா, யாருன்னு அவங்க என்னைத்தான் கேட்பாங்க. என் மூஞ்சியைக் கட்டிட்டு அதுக்குக் கீழே நானே நடந்து போகணும்.

பழைய படத்தை ஒருக்காப் போடு. அதுதான், பனியனோட இருந்தது.

...

போதும். எடுத்துரு.

அதையே பேனரா அடிச்சுத் தாரேன்னு சொல்றியா? நல்ல பிள்ளை நீ. வேண்டாம் தாயி. பேனரே வேண்டாம். பொழுதுக்குள் எடுத்துருவோம். வாரதுக்கு யாரும் இல்லை, யார் பார்க்க?

கோவிச்சுக்காதே, உன் வேலை வீணாப் போகலை. இந்த வெள்ளைச் சட்டைப் படம் இருக்குல்ல, இதை மட்டும் அழிச்சிராதே. ஒரு பக்கமாப் பத்திரமா வச்சிரு. முகம் நல்லா விழுந்திருக்கு. பேரை மட்டும் அப்புறம் அடிச்சுக்கிடலாம்.